கதவு சாத்தும் சத்தம்

நான் விழுந்தது அதன் கதவில்தான்.
கோயம்புத்தூர் ஷோரூம் பையன்
குதிரைசக்தி அது இது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.
நான் திறந்தேன், சாத்தினேன்.
திறந்தேன், சாத்தினேன்.
ஈர மணலில் தேங்காய் விழுந்த மாதிரி
ஒரே ஒரு ‘தப்’.
அதற்கப்புறம் வெளியே உலகம் என்று ஒன்று இல்லை.

செவ்வாய்பேட்டையில்
கொலுசுப் பட்டறை வைத்திருப்பவனுக்குத்தான்
அதன் அருமை தெரியும்.
தராசில் கிலுக்கு, டப்பாவில் கிலுக்கு,
புரண்டு படுத்தால் காதுக்குள் கிலுக்கு.
இருபத்தாறு வருஷச் சத்தத்தை விற்று
கருநீலத்தில் ஒரு மௌனம் வாங்கினேன்.
ஜெர்மன் வண்டி. ஏழு வருஷம் ஓடியது.
வசுமதியிடம் பாதி விலைதான் சொன்னேன்.

கௌரவம் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
ஐந்து ரோடு சிக்னலில்
பக்கத்து பைக்காரன் என் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டான்.
மண்டபத்து வாட்ச்மேன் என்னை விட்டுவிட்டு
வண்டிக்கு சல்யூட் வைத்தான்.
மூன்று வருஷம் இழுத்தடித்த பேங்க் மேனேஜர்
வாசல் வரை வந்தார்.
வெள்ளிக் கட்டி கொடுக்கிறவனும் பார்த்தான்.
‘உங்களுக்கென்ன சார்’ என்று
கிலோவுக்கு முந்நூறு ஏற்றினான்.

எங்கள் தெரு வேகத்தடையை
அது வயிற்றால்தான் தாண்டும்.
ஒவ்வொரு தடவையும்
யாரோ என் கடைவாய்ப் பல்லை அரம் போட்டு ராவுவார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் ஏற்காடு ஏறினோம்.
மழை கண்ணாடியில் வழிந்தது; சத்தம் மட்டும் வரவில்லை.
வளைவுகளில் வண்டி தானே யோசித்துத் திரும்பியது,
ஸ்டியரிங் எனக்குக் கொடுத்த ஒரு மரியாதை, அவ்வளவே.
ஏழாவது வளைவில் வசுமதி ஏதோ சொன்னாள்.
கத்தாமல் சொன்னாள்.
நானும் கத்தாமல் பதில் சொன்னேன்.
என்னையே பார்த்தாள்:
‘உங்க குரல் இப்படியா இருக்கும்?’

பன்னிரண்டாவதில்
திரையில் ஒரு மஞ்சள் விளக்கு, பணிவான இங்கிலீஷ்.
கோயில் யானை காலை மடக்குவது போல
வண்டி மெல்ல, மிக மெல்ல, உட்கார்ந்தது.
சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே
விரல் நுழையவில்லை.
பின்னால் பஸ், அதன் பின்னால் சில்வர் ஓக் ஏற்றிய லாரி.
கண்டக்டர் விசில் ஊதி ஓய்ந்தார்.
காப்பி மூட்டை ஜீப்பிலிருந்து இன்னாசி இறங்கி வந்தார்,
அவர் ஜீப்பின் பானெட்டைக் கயிறுதான் மூடி வைத்திருந்தது.
‘இதுல கொக்கி எங்கங்க?’
புத்தகத்தில் முப்பது பக்கம் புரட்டினோம்.
கொக்கி ஸ்டெப்னிக்கு அடியில்
பட்டுத்துணி மாதிரி ஒன்றில் சுற்றிப் படுத்திருந்தது.
வண்டியை ஓரம் கட்டிவிட்டு
எங்களை அந்த ஜீப்பிலேயே மேலே கொண்டுபோனார்.
மீதி எட்டு வளைவும்
நானும் அவளும் கத்தித்தான் பேசினோம்.

மறுநாள் அது சேலத்துக்கு இறங்கியது,
லாரி முதுகில், நான்கு பக்கமும் பெல்ட் கட்டி,
சப்பரத்தில் சாமி மாதிரி.
ஐந்து ரோட்டில் ஊரே அண்ணாந்து சேவித்தது.

கணினியைச் சொருகிப் பார்த்தவன்
இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் என்றான்.
சாமான் பனி பெய்யும் ஏதோ ஊரிலிருந்து வரணும்.
கணக்குப் போட்டேன்:
நாலாயிரம் ஜோடிக் கொலுசில் எனக்கு மிஞ்சுவது.
இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று
தயவுசெய்து கேட்காதீர்கள்.

இப்போது கொண்டலாம்பட்டியில்
அன்வர்தீனின் லாரிப் பட்டறை மூலையில்
தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.
‘இதுக்கு நம்ம ஸ்பேனர் சேராதுண்ணா’ என்றாலும்
இடவாடகை கேட்பதில்லை.
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் போவோம்.
சுற்றிலும் சம்மட்டி, கிரைண்டர், ஏர் ஹாரன்.
தார்ப்பாயை விலக்கி உள்ளே உட்காருவோம்.
அவள் பக்கம் அவள் சாத்துவாள்.
தப்.

‘குக்கருக்கு கேஸ்கெட் மாத்தணும்’ என்றாள் போன வாரம்,
ரகசியம் மாதிரி.